வைரஸ் எங்கே இருந்தது?

2013ஆம் ஆண்டு வசந்தத்தில் அமெரிக்கப் பன்றிப் பண்ணைகளில் நடந்ததைக் கால்நடை நோயறிதல் துறையில் இருந்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். பிறந்து சில நாளே ஆன குட்டிகள் வாந்தி எடுத்தன, தண்ணீராகக் கழிந்தன, இரண்டு மூன்று நாளில் உடம்பு வற்றிச் செத்தன. நோய் புகுந்த கொட்டிலில் அந்த வாரம் ஈன்ற குட்டிகளில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. ஆய்வகங்களுக்கு வந்த குடல் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, பாடப்புத்தகத்தில் பார்த்துப் பழகிய, டிஜிஇ என்ற பன்றிக் குடல் நோயின் படமேதான் தெரிந்தது. ஆனால் டிஜிஇ வைரஸுக்குச் செய்த சோதனை இல்லை என்றது. ரோட்டா வைரஸுக்குச் செய்ததும் இல்லை என்றது. மின்னணு நுண்ணோக்கியில் கொரோனா குடும்பத்துக்கே உரிய துகள்கள் தெரிந்தன. மரபணு வரிசையைப் படித்த பிறகுதான் அது பிஇடி எனப்படும் பன்றிக் கழிச்சல் நோயின் வைரஸ் என்று புலப்பட்டது. ஐரோப்பாவும் ஆசியாவும் வெகுகாலமாக அறிந்திருந்த வைரஸ் அது. அமெரிக்காவில் அதுவரை தலைகாட்டியதில்லை. மே 17 அன்று அமெரிக்க வேளாண் துறையின் தேசிய ஆய்வகம் அதை உறுதிசெய்தது. அடுத்த ஓராண்டில் மாண்ட பன்றிகள் 70 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு.

அந்த ஆண்டை நினைவுகூரும் பலரும் அதிலிருந்து ஒரே பாடத்தைத்தான் எடுக்கிறார்கள்: பிசிஆரும் மரபணு வரிசையும் வென்றன, திசுவில் சாயமேற்றிப் பார்க்கும் பழைய கலைக்கு வயதாகிவிட்டது. பிறகு வந்த பத்தாண்டுகளில் பெரும்பாலான ஆய்வகங்கள் நடந்துகொண்ட விதமும் அப்படித்தான். சாணியில் தோய்த்த பஞ்சுக்குச்சி ஒன்று போதும், மாலைக்குள் விடை வந்துவிடும், குட்டியைக் கொன்று குடலை வெட்டி ஃபார்மலினில் போட்டு நாலு நாள் காத்திருப்பானேன் என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. எனக்கு அந்த 2013 வேறு ஒன்றைச் சொல்கிறது. பன்றியின் குடலில் ஒரு வைரஸ் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி; அந்தக் குடலைக் கெடுத்தது அந்த வைரஸ்தானா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு பிசிஆர் தரும் விடைக்கு இணையில்லை. இரண்டாவதற்கு, சிதைந்த செல்லையும் அதற்குள் இருக்கும் வைரஸையும் ஒரே பார்வையில் காட்டுகிற சாயமேற்றிய ஸ்லைடை விட்டால் இன்னும் நேரடியான சாட்சி கிடையாது.

கெடுதல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த வாதம் பிடிபடும். சிறுகுடலின் உட்சுவர் முழுக்க விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை குடலுறிஞ்சிகள். அவற்றின் மேல் போர்த்திய செல்கள்தான் பாலின் சத்தையும் நீரையும் உள்ளே இழுக்கின்றன. உறிஞ்சிகளின் அடியில் இருக்கும் குழிகளில் புதுச் செல்கள் பிறந்து, மெல்ல மேலேறி, நுனியை அடைந்து உதிர்கின்றன. டிஜிஇ, பிஇடி, ரோட்டா மூன்றும் தாக்குவது முக்கியமாக மேலே இருக்கும் முதிர்ந்த செல்களைத்தான். அவை கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் உறிஞ்சி குட்டையாகிவிடுகிறது. நலமான இளங்குட்டியின் நடுச்சிறுகுடலில் உறிஞ்சியின் உயரம் அடிக்குழியின் ஆழத்தைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு இருக்கும். நோய் கடுமையானால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். பால் மறந்த பன்றிக்கு இந்தச் செல்கள் இரண்டு மூன்று நாளில் புதுப்பிக்கப்படுகின்றன. பிறந்த குட்டிக்கோ ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். ஒரே வைரஸ் பெரிய பன்றிக்கு வெறும் கழிச்சலாகவும் பச்சைக்குட்டிக்குச் சாவாகவும் முடிவதற்கு இந்த வேறுபாடு முக்கியக் காரணம்.

குட்டையான உறிஞ்சியைக் காட்டுவதற்கு நூறாண்டுப் பழைய ஹீமடாக்சிலின், இயோசின் சாயங்களே போதும். மத்திய அமெரிக்காவின் கம்பேச்சி மரத்தின் வைரத்திலிருந்து எடுத்த ஹீமடாக்சிலின் உட்கருவை நீலமாக்கும். இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். 1946இல் டாயிலும் ஹட்சிங்ஸும் அமெரிக்காவில் டிஜிஇ நோயை முதன்முதலாக விவரித்ததிலிருந்து இன்றுவரை அந்த நீலமும் சிவப்பும்தான் முதல் படி. ஆனால் அது குற்றத்தைக் காட்டுமே தவிரக் குற்றவாளியைக் காட்டாது. உறிஞ்சியைக் குட்டையாக்க டிஜிஇ வைரஸாலும் முடியும், பிஇடியாலும் முடியும், பன்றிகளின் டெல்டா கொரோனா வைரஸாலும் ரோட்டாவாலும் முடியும். ரோட்டாவில் சிதைவு பொதுவாகக் கொஞ்சம் மிதமாக இருக்கும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அதை மட்டும் நம்பி அறிக்கையில் கையெழுத்துப் போட யாரும் துணிய மாட்டார்கள்.

குற்றவாளியை அடையாளம் காட்டும் சாயம் பிறந்த கதை என் வாதத்துக்குப் பெரிய துணை. ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1939இல் பெர்லினில் இருந்தபோது வாதக் காய்ச்சலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். இதயத் தசையில் தோன்றும் சிறு முடிச்சுகளுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் பொருள் உண்மையிலேயே இருக்கிறதா என்பது அவருடைய கேள்வி. கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைக் கட்டிவிட்டால், அது போய் ஒட்டும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1941இல் ஹார்வர்டில் அவரும் சகாக்களும் அப்படிப்பட்ட ஆன்டிபாடியைச் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு நியூமோகாக்கஸின் ஆன்டிஜெனைத் திசுவுக்குள்ளேயே ஒளிர வைத்தார்கள். உடம்பில் கிருமி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அன்றே வேறு வழிகள் இருந்தன. நோயுற்ற இடத்தில் இருக்கிறதா என்று கேட்க வழியில்லை. இந்த முறையே அந்தக் கேள்விக்காகப் பிறந்ததுதான்.

பன்றிக் குடலுக்கு அது வந்து சேர்ந்ததும் கிடைத்த பலனை பர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து 1970இல் பென்சார்ட், ஹெல்டர்மன், பர்ன்ஸ்டீன் மூவரும் வெளியிட்ட ஆய்வில் காணலாம். டிஜிஇ தொற்றிய குட்டிகளின் குடலை வெவ்வேறு நேரங்களில் எடுத்து, உறைய வைத்துச் சீவி, ஒளிரும் ஆன்டிபாடி இட்டுப் பார்த்தார்கள். தொற்றின் தொடக்கத்தில் உறிஞ்சிகளின் மேல் செல்கள் வரிசை வரிசையாக ஒளிர்ந்தன. நேரம் ஆக ஆக ஒளிர்ந்த செல்கள் உதிர்ந்தன. அடிக்குழியிலிருந்து ஏறி வந்த இளஞ்செல்கள் ஒளிரவில்லை, அவற்றை வைரஸ் அவ்வளவாகப் பற்றவில்லை. நோய் எப்படி வளர்கிறது, எங்கே தணிகிறது என்பதைத் திசுவே சொல்லிவிட்டது. அதே பென்சார்ட்தான் பிறகு பெல்ஜியத்தின் கென்ட் நகரில் டிபூக்குடன் சேர்ந்து 1978இல் சிவி777 என்ற புது வைரஸை விவரித்தார். 2013இல் அமெரிக்காவை ஆட்டிப்படைத்தது அதன் உறவுதான். அதைக் குட்டிகளுக்குக் கொடுத்துச் செய்த சோதனைகளில் சிறுகுடலோடு பெருங்குடலின் செல்களும் ஒளிர்ந்தன. டிஜிஇயில் அப்படிப் பெருங்குடல் பாதிக்கப்படுவதில்லை. இரண்டு நோயையும் பிரித்தறிய இந்த இடக்குறிப்பு இன்றும் ஒரு துப்பு.

மூன்றாவது சம்பவம் இன்னும் சுவையானது. 1984 வாக்கில் பெல்ஜியத்தில் டிஜிஇ நோயே இல்லாத மந்தைகளில் டிஜிஇக்கு எதிரான ஆன்டிபாடி இரத்தத்தில் தென்பட ஆரம்பித்தது. இரத்தச் சோதனையை மட்டும் நம்பினால் நாடு முழுக்க டிஜிஇ பரவிவிட்டது என்று அறிவித்திருக்க வேண்டியதுதான். பென்சார்ட் குழு அந்த வைரஸைப் பிரித்தெடுத்துப் பன்றிக்குள் அது எங்கே பெருகுகிறது என்று தேடியபோது, பதில் நுரையீரலில் கிடைத்தது. குடலில் அதற்கு ஏறக்குறைய வேலையே இல்லை. டிஜிஇ வைரஸின் கூர்முனைப் புரத மரபணுவில் 600க்கும் மேற்பட்ட எழுத்துகள் அறுந்துபோய், மூச்சுவழி வைரஸாக மாறிய வடிவம் அது. இன்று பிசிஆரே இரண்டையும் பிரித்துவிடும் என்பார்கள். உண்மைதான். அந்த அறுந்த பகுதியைக் குறிவைத்துச் சோதனையை வடிவமைக்க முடிந்ததற்குக் காரணம், இரண்டும் வெவ்வேறு இடத்தில் வாழும் வெவ்வேறு ஜீவன்கள் என்று அதற்கு முன்பே தெரிந்திருந்ததுதான்.

ஒளிர்சாய முறைக்குச் சங்கடங்கள் உண்டு. திசு புதிதாக இருக்க வேண்டும், உறைய வைக்க வேண்டும், இருட்டறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டே இருந்தால் பச்சை ஒளி மங்கிவிடும். இயோசினோஃபில் செல்கள் தாமாகவே மஞ்சளாக மின்னி, பழகாத கண்ணை ஏமாற்றும். இவற்றிலிருந்து விடுதலை தந்தது நொதி கட்டிய ஆன்டிபாடி. 1960களின் நடுவில் நகானேயும் பியர்ஸும் பெராக்சிடேஸ் நொதியை ஆன்டிபாடியோடு இணைத்தார்கள். நொதி தன்னிடம் தரப்படும் நிறமியைப் பழுப்பாக மாற்றி அங்கேயே படிய வைக்கும். 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் மோனோகுளோனல் ஆன்டிபாடிக்கு வழிகாட்டினார்கள். மிச்சமிருந்த தடை ஃபார்மலின். 1893இல் ஃபெர்டினாண்ட் பிளம் திசுவைப் பதப்படுத்த அதை அறிமுகப்படுத்தியதிலிருந்து எல்லா ஆய்வகமும் அதையே நம்பி இருக்கிறது. ஆனால் அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து ஆன்டிஜெனை மறைத்துவிடும். சில ஆன்டிஜென்களை நொதியால் செரித்து வெளிக்கொணரலாம். பலவற்றுக்கு அதுவும் பலிக்கவில்லை. 1991இல் ஷி, கீ, கல்ரா மூவரும் ஸ்லைடை மைக்ரோவேவ் அடுப்பில் கொதிக்க வைத்தால் மறைந்த ஆன்டிஜென் மீண்டும் தலைகாட்டும் என்று காட்டினார்கள். அதன் பிறகு ஆய்வக அலமாரியில் வரிசையாய் நிற்கும் மெழுகுக் கட்டி ஒவ்வொன்றும் கேள்வி கேட்கத்தக்க ஆவணமாகிவிட்டது.

ஐஎச்சி என்று ஆய்வகத்தார் சுருக்கமாகச் சொல்லும் இந்த முறையில் பிஇடி பிடித்த குடல் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மெழுகுக் கட்டியிலிருந்து நாலு மைக்ரான் தடிமனில் சீவிய ஏடு, வெதுவெதுப்பான நீரில் சுருக்கம் நீங்கி மிதந்து, கண்ணாடியில் ஏறுகிறது. மெழுகு நீக்கி, சூடேற்றி, திசுவுக்கே சொந்தமான பெராக்சிடேஸை ஹைட்ரஜன் பெராக்சைடால் அடக்கி, வைரஸின் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இட்டு, கழுவி, இரண்டாவது ஆன்டிபாடி இட்டு, மறுபடி கழுவி, கடைசியில் நிறமி. வெளிர்நீலப் பின்னணியில், குட்டையான உறிஞ்சியின் பக்கவாட்டில், செல்லின் உட்கரு மட்டும் நீலமாக விடுபட்டு அதைச் சுற்றிய சைட்டோபிளாசம் முழுக்கப் பழுப்பு அப்பியிருக்கும். பக்கத்துச் செல் சுத்தமாக இருக்கும், அதற்கடுத்தது மீண்டும் பழுப்பு. உதிர்ந்து குடலின் உள்வெளியில் மிதக்கும் செல் ஒன்றிரண்டிலும் அதே நிறம். அடிக்குழிகள் பெரும்பாலும் நீலமாகவே இருக்கும். ஒரே ஏட்டில் சிதைவு, வைரஸ், செல்லின் வயது மூன்றும் சேர்ந்து தெரிகின்றன.

பிசிஆரின் மேன்மையை மறுப்பது என் நோக்கமல்ல. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் சிடி எண் பார்த்த நமக்கு அதன் கூர்மையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூர்மையே குடலில் ஒரு சிக்கலாகிவிடுகிறது. குடல் நெரிசலான இடம். ரோட்டா வைரஸ் இல்லாத பன்றி மந்தையைக் காண்பது அரிது. நலமாகத் துள்ளும் குட்டியின் சாணியிலும் பிசிஆர் அதைப் பிடித்துவிடும். கழியும் குட்டியின் மாதிரியில் ரோட்டா ஏ, ரோட்டா சி, ஈ கோலை எல்லாம் ஒருசேர நேர்மறையாக வருவது அன்றாடம். திருவிழாக் கூட்டத்தில் நின்றவனெல்லாம் ஜேப்படித் திருடன் ஆகிவிட முடியாது. அளவு பார்த்துச் சொல்லலாமே, சிடி எண் குறைவாக, அதாவது வைரஸ் மிகுதியாக இருந்தால் அதுதான் காரணம் என்று கொள்ளலாமே என்பார்கள். ஓரளவு கொள்ளலாம். என்றாலும் தொற்றின் எந்தக் கட்டத்தில் மாதிரி எடுத்தோம், சாணி எவ்வளவு நீர்த்திருந்தது, பக்கத்துக் குட்டியின் கழிச்சல் தரையிலிருந்து வாய் வழியே போய் வெளிவந்ததா என்பதெல்லாம் அந்த எண்ணை அசைத்துவிடும்.

இது என் தனிப்பட்ட பிடிவாதமல்ல என்பதற்கு பிசிவி2 என்ற சர்க்கோ வைரஸின் கதையைச் சொல்ல வேண்டும். உலகின் பன்றிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அது ஏதோ ஒரு நேரத்தில் இருந்திருக்கும்; நோயாகத் தெரிவது சிலவற்றில்தான். அதனால் இரத்தத்திலோ சாணியிலோ பிசிவி2 கிடைத்தது என்பதை மட்டும் வைத்து நோயென்று சொல்வதில்லை என்று அறிஞர்கள் முடிவுசெய்தார்கள். மூன்று நிபந்தனைகள் வைத்தார்கள்: பொருந்தும் நோய்க்குறிகள் இருக்க வேண்டும்; திசுவில் அதற்கே உரிய சிதைவு இருக்க வேண்டும்; அந்தச் சிதைவுக்குள்ளேயே வைரஸ் இருப்பதை ஐஎச்சியாலோ ஐஎஸ்எச் என்ற மரபணுச் சாய முறையாலோ காட்ட வேண்டும். பிசிவி2 குடலைத் தாக்கும்போது பழுப்பு நிறம் மேல்தோல் செல்களில் இராது. அதற்கடியில் இணைப்புத் திசுவின் மேக்ரோஃபேஜ்களிலும் பேயர் திட்டுகளிலும் இருக்கும். பிஇடியின் படத்துக்கு நேர் எதிரான படம். ஒரே கழிச்சல், ஒரே பிசிஆர் நேர்மறை, இரண்டு வேறு இடங்கள்.

மனித மருத்துவத்திலும் இதே கவலை எழுந்தது. மரபணு வரிசையைக் கொண்டே புதுக் கிருமிகளை அறிவிக்கும் காலம் தொடங்கியபோது, டேவிட் ஃபிரெட்ரிக்ஸும் டேவிட் ரெல்மனும் 1996இல், ஒரு கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று நிறுவ கோக் வகுத்த பழைய நிபந்தனைகளை அந்தக் காலத்துக்கு ஏற்பத் திருத்தி எழுதினார்கள். மரபணுக் கண்டுபிடிப்பின் பக்கம் நின்று பேசிய அவர்களே, கிருமியின் மரபணு வரிசை திசுவில் நோயுற்ற பகுதியில்தான் இருக்கிறது என்று செல் அளவில் காட்ட முயல வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்தார்கள். பிசிஆரின் ஆதரவாளர்களே ஸ்லைடைக் கேட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு, ஐஎச்சி தவறவிடுகிறது, நோய் இருந்தும் இல்லை என்று சொல்லிவிடுகிறது என்பது. சரியான குற்றச்சாட்டு. ஆனால் 1970இன் ஆய்வு சொன்னதை மீண்டும் பாருங்கள்: ஆன்டிஜென் நிறைந்திருப்பது நோயின் முதல் நாளில், பிறகு அந்தச் செல்களே உதிர்ந்துவிடுகின்றன. பண்ணையிலிருந்து அனுப்பப்படுவதோ பெரும்பாலும் மூன்று நாள் கழிந்து, மருந்து குடித்து, இரவில் செத்து, காலையில் கண்டெடுத்த குட்டி. செத்த பிறகு குடலின் மேல்தோல் சில நிமிடங்களிலேயே தளர ஆரம்பித்துவிடும். ஆறு மணி நேரம் கழித்து எடுத்த துண்டில் உறிஞ்சிகள் வெறும் எலும்புக்கூடுகளாக நிற்கும். அதில் ஐஎச்சி மட்டுமல்ல, எந்தச் சாயமும் பயன்படாது. கழிச்சல் தொடங்கி ஒரு நாளுக்குள் இருக்கும் இரண்டு மூன்று குட்டிகளைத் தேர்ந்து, கருணைக்கொலை செய்த கையோடு, குடலின் பல இடங்களிலிருந்து சிறு துண்டுகளைப் பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் கதையே வேறு. குட்டியைக் கொல்வது வீண் என்ற முணுமுணுப்பும் இங்கே எழும். தொகுதி முழுவதும் சாகும் வாரத்தில் இரண்டு குட்டிகளைப் பற்றிய அந்தக் கவலை எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: ஆன்டிபாடி தனக்குத் தெரிந்த வைரஸைத்தான் பிடிக்கும், புது வைரஸ் வந்தால் குருடாகிவிடும். 2013ஐயே இதற்கு எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அந்த வாரங்களில் புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்ற சந்தேகத்தைக் கிளப்பியது எது? டிஜிஇயைப் போன்ற சிதைவு திசுவில் இருக்கிறது, டிஜிஇ இல்லை என்கிற முரண்பாடு. சிதைவைப் பார்க்காமல் டிஜிஇக்கும் ரோட்டாவுக்கும் பிசிஆர் மட்டும் செய்திருந்தால் இரண்டு எதிர்மறைகள் மட்டுமே மேசையில் இருந்திருக்கும். குறிப்பிட்ட வைரஸுக்கென்று வடிவமைத்த பிசிஆரும் தெரியாததைப் பிடிக்காது என்பதையும் மறந்துவிடுகிறோம். மேலும் ஆன்டிபாடியின் குருட்டுத்தனம் முழுமையானதல்ல, சில நேரம் அது தேவைக்கு மேல் பார்க்கிறது. டிஜிஇக்கு ஆய்வகங்கள் பயன்படுத்தும் பெயர்பெற்ற மோனோகுளோனல் ஒன்று பூனையின் கொரோனா வைரஸுக்காகச் செய்யப்பட்டது. பூனை, நாய், பன்றி மூன்றின் உறவு வைரஸ்களையும் அது பிடிக்கும். உறவுமுறை நெருக்கத்தால் தவறான பழுப்பு விழும் ஆபத்தும் இதில் இருக்கிறது. டிஜிஇயின் ஒரு வகைக்கு எதிரான சீரம் பிஇடியின் நியூக்ளியோகேப்சிட் புரதத்தோடு ஒட்டுவதை 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. எந்த ஆன்டிபாடி, எந்தப் புரதத்துக்கு எதிராக என்று அறிக்கையில் எழுதாத ஆய்வகத்தை நம்பாமல் இருக்க இது போதுமான காரணம்.

பார்ப்பவரின் கண்ணைச் சார்ந்தது என்ற மூன்றாவது மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. சாயமேற்றும் ஒவ்வொரு தொகுதியிலும் உறுதியான நேர்மறை ஏடு ஒன்று, ஆன்டிபாடி இடாத ஏடு ஒன்று, தொடர்பற்ற ஆன்டிபாடி இட்ட ஏடு ஒன்று சேர்ந்தே ஓட வேண்டும். அவை இல்லாத பழுப்பு வெறும் அழுக்கு. பிசிஆருக்கும் இதே ஒழுக்கம் பொருந்தும்; அங்கே ஒரு துளி தெறித்தால் தட்டு முழுக்க நேர்மறை.

செலவையும் தாமதத்தையும் பற்றிய மறுப்பைப் பண்ணையின் முடிவுகளோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். 2013இல் பல பண்ணைகள் நோயுற்ற குட்டிகளின் குடலையும் கழிச்சலையும் சினைப் பன்றிகளுக்கு ஊட்டின. தாயின் குடலில் தூண்டப்பட்ட எதிர்ப்பு பால் வழியே குட்டிக்குப் போய்ச் சேரும். டிஜிஇயைக் கொண்டு ஒஹாயோவில் போல், சைஃப் என்ற ஆய்வாளர்கள் தெளிவாக்கிய உண்மை அது. காரணம் பிஇடி என்றால் இது உதவும். காரணம் வேறாக இருந்தால் அந்தப் பலன் கிடைக்காது; ஊட்டப்படும் கூழில் பிஆர்ஆர்எஸ் போன்ற வேறு நோய் இருந்தால் அதுவும் மந்தை முழுக்கப் போய்ச் சேரும். ரோட்டாவிலும் இப்படித்தான். அமெரிக்காவில் சந்தையில் கிடைக்கும் உயிர்த் தடுப்பூசி ஏ வகைக்கு மட்டுமே. பிறந்த சில நாட்களில் அதிகம் தென்படுவதோ சி வகை. ஏ, சி இரண்டும் பிசிஆரில் நேர்மறையாக வந்தால் தடுப்பூசிக்குப் பணம் செலவழிக்கலாமா? சிதைந்த உறிஞ்சியில் எது உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் முடிவு எளிது. நாலு நாள் தாமதமும் ஒரு ஸ்லைடின் விலையும் இந்தத் தவறுகளின் விலைக்கு முன் பெரிதல்ல.

இங்கேதான் என் வாதத்தின் பலவீனமான இடமும் இருக்கிறது. ரோட்டா சியை செல் வளர்ப்பில் வளர்ப்பது கடினம், பியை வளர்ப்பது அதைவிடக் கடினம்; வைரஸ் கையில் இல்லாவிட்டால் நல்ல ஆன்டிபாடியும் கிடைக்காது. எனவே ஐஎச்சி பெரும்பாலும் ஏ வகைக்கே நின்றுவிட்டது. ஒரு விஷயத்தில் மட்டும் மரபணு முறையே திசுவின் பக்கம் திரும்பி வந்து கைகொடுத்தது: 1969இல் கால், பார்டியூ இருவரும் தொடங்கிவைத்த ஐஎஸ்எச், 2012இல் அறிமுகமான ஆர்என்ஏஸ்கோப் வடிவத்தில் வழக்கமான மெழுகுக் கட்டியிலேயே நுண்ணிய புள்ளிகளாக வைரஸின் ஆர்என்ஏவைக் காட்டுகிறது. ஆன்டிபாடி வேண்டாம், வரிசை தெரிந்தால் போதும். 2014 பிப்ரவரியில் ஒஹாயோவில் டெல்டா கொரோனா தலைகாட்டியபோதும், குவாங்டாங்கில் 24,693 குட்டிகளைக் கொன்ற வௌவால் வழி வைரஸ் பற்றி 2018இல் விவரம் வெளிவந்தபோதும், கணினித் திரையில் வரிசை கிடைத்த சில வாரங்களில் அதற்கேற்ற மரபணுச் சாயத்தைச் செய்துகொள்ளும் வசதி உலகத்துக்கு வந்துவிட்டிருந்தது. வரிசை முந்தி, ஸ்லைடு பிந்தி என்ற இந்த ஒழுங்கை நான் மறுக்கவில்லை. வரிசையோடு நிறுத்திவிட்டு, மாதிரியை எரியூட்டிக்குப் போகவிடுவதைத்தான் மறுக்கிறேன். மெழுகுக் கட்டியாக அலமாரியில் இருந்தால், அடுத்த ஆண்டு புதிதாகப் பெயர் சூட்டப்படும் வைரஸையும் அதில் போய்த் தேடலாம்.